ரந்தம்பூர் பக்கத்துல அரண்மனை மாதிரி ஹோட்டல், அப்பா அம்மாவை கூட்டிட்டு போலாமா? காசுக்கு வொர்த்தா?

காட்பாடி_கார்த்தி

எல்லாருக்கும் வணக்கம். அப்பா ராணிப்பேட்டை பெல் (BHEL) கம்பெனில இருந்து ரிட்டயர் ஆயிட்டாரு, திருக்கடையூர்ல அறுபதாம் கல்யாணமும் இப்பதான் நல்லபடியா முடிஞ்சுது. சொந்தக்காரங்க எல்லாம் காசிக்கு அனுப்பு, ராமேஸ்வரத்துக்கு அனுப்புன்னு ஆளாளுக்கு சொல்றாங்க, ஆனா எங்கப்பாவுக்கு டிவில புலி வந்துட்டா தட்டுல சோறு ஆறினாலும் தெரியாது, ஆயுசுல ஒரு தடவை நேர்ல பார்க்கணும்னு சொல்லிட்டே இருப்பாரு. அம்மாவுக்கு காடு புலி எதுவும் வேணாம், அவங்களுக்கு ராஜஸ்தான் அரண்மனைல தங்கணும், அவ்ளோதான். ரெண்டும் ஒரே இடத்துல கிடைக்குமான்னு தேடினா ரந்தம்பூர் தான் வருது. பக்கத்து ஸ்டேஷன் சவாய் மாதோபூர்ல இறங்கினா காட்டை ஒட்டியே வரிசையா பேலஸ், ஹவேலின்னு பழைய மாளிகை, கோட்டைன்னு ஹோட்டலா இருக்கு, போட்டோ எல்லாம் பார்த்தா தலை சுத்துது, ரேட்டை பார்த்தா இன்னும் சுத்துது.

டிசம்பர் இல்ல ஜனவரில போலாம்னு யோசனை. அம்மாவுக்கு முட்டி வலி இருக்கு, மாடிப்படின்னாலே முகம் மாறிடும். ரெண்டு பேரும் சுத்த சைவம். என் கேள்வி என்னன்னா இவ்ளோ காசு கொடுத்து அரண்மனைல தங்குறது நிஜமாவே வேற மாதிரி இருக்குமா, இல்ல சும்மா ஒரு நல்ல ஹோட்டல்ல ரூம் போட்டுட்டு மிச்ச காசுல சஃபாரி கூட ரெண்டு போனா போதுமா? போயிட்டு வந்தவங்க சொல்லுங்க ப்ளீஸ், டிராவல் ஏஜென்ட் சொல்றதை நம்ப முடியல.

வெயிலூரான்

தம்பி, மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்குங்க, அங்க அரண்மனைன்னு போர்டு போட்டதெல்லாம் அரண்மனை இல்ல. மூணு தினுசு இருக்கு. ராஜா காலத்து கட்டடத்தை அப்படியே ஹோட்டலாக்கினது ஒண்ணு. சவாய் மாதோபூர் ஊருக்குள்ள தாஜ் நடத்துறாங்களே அந்த லாட்ஜ், அது ஜெய்ப்பூர் மகாராஜா ரெண்டாம் சவாய் மான் சிங் வேட்டைக்கு வந்தா தங்குற பங்களாவா இருந்தது. அந்தக் காலத்துல இந்த காடே அவங்க வேட்டைக்காடு தான், 1961ல இங்கிலாந்து எலிசபெத் ராணியும் அவங்க வீட்டுக்காரர் பிலிப்பும் வந்தப்ப மகாராஜா விருந்தாளியா பிலிப் இங்க புலி சுட்டாரு. 1972ல வனவிலங்கு சட்டம் வந்து, 1973ல புலி திட்டத்துல இந்த காடும் சேர்ந்தப்புறம் தான் வேட்டை பங்களாவுக்கு வேற பிழைப்பு தேவைப்பட்டது.

ரெண்டாவது நிஜமான கோட்டையை மராமத்து பண்ணி ஹோட்டலாக்கினது. பர்வாரா கோட்டை, 2021 டிசம்பர்ல விக்கி கௌஷல் கத்ரீனா கைஃப் கல்யாணம் நடந்துச்சே அதுதான், அது காட்டு கேட்டுலேந்து கொஞ்சம் தள்ளி இருக்கு, ரேட்டு நம்ம பேசுற ரேட்டே இல்ல. மூணாவது தினுசு தான் ஜாஸ்தி. சமீபத்துல கட்டினது, ஆனா குவிமாடம், ஜாலின்னு கல்லுல சல்லடை மாதிரி செதுக்கின ஜன்னல், வளைவு வளைவா வாசல், நடுவுல முற்றம்னு ராஜபுத்திர கோட்டை மாதிரியே கட்டி வச்சிருப்பாங்க. இது மட்டம்னு சொல்ல வரல, உங்கம்மாவுக்கு முட்டி வலின்னா இந்த புது கட்டடம் தான் சௌகரியம், லிஃப்ட் இருக்கும், பாத்ரூம் பெருசா இருக்கும். பழைய கட்டடத்துல வாசப்படியே முழங்கால் உயரத்துக்கு இருக்கும்.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். வேற மாதிரி இருக்குமான்னா இருக்கும், ஆனா நீங்க ரூம்ல இருந்தா தான். இதை எந்த ஏஜென்ட்டும் சொல்ல மாட்டான். சஃபாரி போற அன்னிக்கு கணக்கு போட்டு பாருங்க. விடியக்காலம் இருட்டுல எழுப்பி டீ பிஸ்கட் கொடுத்து ஜீப்புல ஏத்திடுவாங்க, மூணரை மணி நேரம் காட்டுக்குள்ள குலுக்கி எடுத்து திரும்பி வந்து டிபன் சாப்பிட்டு குளிச்சு கண்ணை மூடினா, சாப்பாட்டுக்கு கூப்பிடுவாங்க, சாப்பிட்ட கையோட அடுத்த சஃபாரிக்கு வண்டி வந்து நிக்கும், இருட்டுற நேரம் வந்து சேர்ந்தா தலையெல்லாம் புழுதி, உடம்பெல்லாம் வலி, ராத்திரி சாப்பாட்டுக்கு நடந்து போகவே தெம்பு இருக்காது. அரண்மனை எங்க பார்த்தீங்க? தலைகாணியை பார்த்தீங்க, அவ்ளோதான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஆசை வேற வேறன்னு நீங்களே சொல்லிட்டீங்க, அதனால கலக்காதீங்க. மொதல்ல சாதாரண ஹோட்டல்ல தங்கி சஃபாரியை முடிச்சிடுங்க, கடைசில அரண்மனைக்கு மாறுங்க, அங்க இருக்கிற நாள்ல காட்டுப் பக்கமே போகாதீங்க. காலைல வெயில் ஏறினப்புறம் முற்றத்துல மயில் வந்து நிக்கும், சாயங்காலம் பாட்டுக்காரங்க வந்து உக்காந்து ராவணஹத்தான்னு வில்லால இழுக்கிற தந்தி வாத்தியம் வாசிப்பாங்க, அம்மா அதை உக்காந்து பார்க்கட்டும். ரெண்டு ஹோட்டலும் பெரும்பாலும் ஒரே ரோட்டுல தான் இருக்கும், மாறுறது பெரிய வேலை இல்ல.

இன்னொரு விஷயம், புக் பண்ணும்போது எந்த கட்டடத்துல ரூம்னு எழுத்துல கேட்டு வாங்குங்க. நாங்க ஒரு தடவை தங்கினோம், பேர் வேணாம், வெப்சைட்ல போட்ட போட்டோ பூரா மெயின் மகால், எங்களுக்கு கொடுத்தது பின்னாடி தோட்டத்துல புதுசா கட்டின காட்டேஜ். கேட்டா ஹெரிடேஜ் ரூம் வேற கேட்டகிரி சார்னு சிரிச்சிக்கிட்டே சொல்றான். ரேட்டை பார்க்கும்போது டேக்ஸையும் பாருங்க, ஒரு ராத்திரி வாடகை 7500 ரூபாயை தாண்டினா 18 பர்சென்ட் ஜிஎஸ்டி, அது மேல தனியா வரும்.

ஆம்பூர்_தாஸ்

இன்னாப்பா இது, புலி பாக்க ராஜஸ்தான் வரைக்கும் போவணுமா? இங்கேந்து பெங்களூரு மைசூரு போனா பந்திப்பூர், கபினி எல்லாம் கீது, காலைல வீட்ல இட்லி துன்னுட்டு கார்ல கெளம்புனா சாயங்காலம் காட்டாண்ட நிக்கலாம். ராஜா பங்களா தான் வேணும்னா கபினி கரைல கர்நாடகா கவர்மென்ட்டு நடத்துற லாட்ஜே மைசூர் மகாராஜா வேட்டைக்கு வந்து தங்குன எடம் தான். மைசூருல லலிதா மகால் கீது பாரு, 1921ல வைஸ்ராய் வந்தா தங்குறதுக்குன்னு நாலாம் கிருஷ்ணராஜ உடையார் கட்னது, வெள்ளை வெளேர்னு குவிமாடம் வச்சிகினு அதான்யா அரண்மனை. வெயில் காலத்துல கபினி டேம்ல தண்ணி எறங்குச்சின்னா கரையில புல்லு மொளைக்கும், அதை மேய கூட்டம் கூட்டமா யானை வந்து நிக்கும், போட்ல போயிகினே பாக்கலாம். அம்மாவுக்கு முட்டி வலின்றீங்க, ஃப்ளைட்டு, ரயிலு, ஜீப்புன்னு இட்டுகினு போயி எதுக்கு பேஜாரு? இங்க சாம்பாரும் கெடைக்கும்.

ஒண்ணு மட்டும் பாத்துக்கோ, பந்திப்பூர் வழியா போற ரோட்டுல ராத்திரி 9 மணிலேந்து காலைல 6 வரைக்கும் வண்டி வுட மாட்டான். மைசூருல பிரியாணி துன்னுட்டு மெதுவா போலாம்னு நெனைச்சே, செக்போஸ்ட்லயே படுக்க வேண்டியது தான்.

வெயிலூரான்

தாஸ் அண்ணா சொல்றது நியாயம் தான், யானைக்கு கபினி தான். ஆனா அவங்கப்பா கேக்கறது புலி. கபினி காடு பச்சை, புதர் அடர்த்தி, புலி பத்தடில படுத்திருந்தாலும் தெரியாது. அதுவும் இல்லாம 2025 நவம்பர்ல பந்திப்பூர், நாகரஹொளேல புலி ஆளுங்களை அடிச்சதால சஃபாரியையே நிறுத்தி வச்சாங்க, அந்தப் பக்கம் பிளான் போட்டா இப்ப என்ன நிலவரம்னு விசாரிச்சுட்டு போடுங்க.

ராணிப்பேட்டை_காட்டுப்பூனை

சஃபாரி பத்தி யாரும் விவரமா சொல்லல, நான் சொல்றேன். ரந்தம்பூர்ல சஃபாரிக்கு காட்டை 1லேந்து 10 வரைக்கும் ஸோனா பிரிச்சிருக்காங்க. ஒண்ணுலேந்து அஞ்சு வரைக்கும் தான் உள்காடு, ஜூலைலேந்து செப்டம்பர் வரைக்கும் அதை மூடிடுவாங்க. ஆறுலேந்து பத்து வெளிப்பக்கம். ஏரி, பழைய மண்டபம், பெரிய ஆலமரம்னு நீங்க டிவில பார்த்ததெல்லாம் மூணாவது ஸோன், பதம் தாலாவ், ராஜ் பாக் ஏரி எல்லாம் அங்கதான். இடிஞ்சு போன மகால் படியில புலி படுத்திருக்கிற போட்டோ பார்த்திருப்பீங்க, அதெல்லாம் இந்த ஏரியா. மச்லின்னு ஒரு பெண் புலி, முதலையோட சண்டை போட்டு பேர் வாங்கினது, 2016ல செத்துப் போச்சு, அது ஆண்டதும் இந்த ஏரிங்க தான்.

அங்க புலி ஏன் நல்லா தெரியுதுன்னா அது வறண்ட காடு, தோக் மரம் தான் ஜாஸ்தி, இலை உதிர்ந்துட்டா தூரம் வரைக்கும் கண்ணுக்கு தெரியும், வண்டி சத்தத்துக்கு அந்த புலிங்க பழகியும் போச்சு, பகல்லயே ரோட்டை தாண்டும். புலி மட்டும் பார்த்தா போதும்னா ஏப்ரல் மே தான் பெஸ்ட், தண்ணி இருக்கிற இடம் கொஞ்சம், எல்லாம் அங்க வந்து தான் ஆகணும். வெயில் 45ஐ தொடும், நம்ம வேலூர்க்காரங்களுக்கு அது என்ன புதுசா, இருந்தாலும் பெரியவங்களை கூட்டிட்டு போறீங்க, வேணாம். டிசம்பர் ஜனவரில புலி கிடைக்கிறது கொஞ்சம் அதிர்ஷ்டம் தான், மூணு நாலு சஃபாரி வச்சுக்குங்க, ஒண்ணே ஒண்ணு புக் பண்ணிட்டு போயி காத்தாடிட்டு வந்தேன்னு இங்க வந்து திட்டாதீங்க.

வண்டி ரெண்டு வகை. ஜிப்சின்ற திறந்த ஜீப்புல ஆறு பேர், கேன்டர்னு திறந்த மினி பஸ்ல இருபது பேர். அம்மாவுக்கு ஜிப்சி தான் நல்லதுன்னு சொல்லுவாங்க, ஆனா ஜிப்சி ஏறுறதுக்கு காலை தூக்கி உள்ள போடணும், முட்டி வலிக்காரங்களுக்கு அதுதான் கஷ்டம், ஏறிட்டா பிரச்சனை இல்ல, நடு சீட்ல உக்கார வைங்க, பின் சீட் தூக்கி தூக்கி போடும். ஹோட்டல்ல ஒரு ஸ்டூல் கேட்டா கொண்டு வந்து வைப்பாங்க. ஜிப்சி சீட்டு சீக்கிரம் தீர்ந்துடும், ராஜஸ்தான் வனத்துறை சைட்ல தேதி திறந்த உடனே போட்டுடுங்க, ஹோட்டலை அப்புறம் பார்த்துக்கலாம், எல்லாரும் இதை உல்டாவா பண்ணிட்டு ஸோன் பத்து கிடைச்சுதுன்னு அழுவாங்க. ஹோட்டல்காரன் மூலமா போட்டா சர்வீஸ் சார்ஜ்னு மேல ஒரு தொகை வாங்குவான். புக்கிங்ல எந்த ஐடி நம்பர் கொடுத்தீங்களோ அந்த ஒரிஜினல் கைல இருக்கணும். செல்போன் விஷயத்துலயும் இப்ப கெடுபிடி, புலிகள் காப்பகத்து உள்காட்டுல சுற்றுலா போறவங்க போன் யூஸ் பண்ணக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு, போட்டோ வேணும்னா கேமரா கொண்டு போங்க.

சத்துவாச்சாரி_சுமதி

கார்த்தி, ஆம்பளைங்க எல்லாம் புலி, ராணி, ஸோன்னு பேசிட்டாங்க, அம்மாவுக்கு வேண்டியதை நான் சொல்றேன். நான் எங்க மாமியாரை கூட்டிட்டு போயிருக்கேன், அவங்களுக்கும் முட்டி தான்.

மொதல்ல குளிர். நீ வேலூர் மார்கழி குளிரை மனசுல வச்சுக்கிட்டு ஒரு ஸ்வெட்டர் எடுத்து வச்சுடாத. அங்க ஜனவரி விடியக்காலம் நாலஞ்சு டிகிரிக்கு போயிடும், அதுல திறந்த ஜீப்பு வேற, காத்து மூஞ்சில அடிக்கும் பாரு, காது விண்விண்ணுனு தெறிக்கும். ஹோட்டல்ல கம்பளியும் வென்னீர் பையும் கொடுப்பாங்க, நல்ல ஹோட்டலுக்கும் சாதா ஹோட்டலுக்கும் நிஜமான வித்தியாசமே எனக்கு அந்த வென்னீர் பைல தான் தெரிஞ்சுது. மங்கி குல்லா, கிளவுஸ், உள்ள போடுற தெர்மல் எல்லாம் இங்கயே வாங்கிடு. புடவையோட ஜீப் ஏற முடியாது, சுடிதார் போட சொல்லு, வெக்கப்பட்டா அங்க யாரும் நம்ம தெரு ஆளுங்க இல்லன்னு சொல்லு.

அடுத்தது பாத்ரூம். சிரிக்காத. அரண்மனை ஹோட்டல்ல பளிங்குல பெரிய தொட்டி இருக்கும், ஷவர் இருக்கும், பக்கெட்டும் மக்கும் இருக்காது. எங்க மாமியார் அந்த தொட்டிக்குள்ள கால் வச்சு ஏற முடியாம நின்னுக்கிட்டு இதுல எருமை தான் குளிக்கும்னாங்க. ரிசப்ஷன்ல போன் பண்ணி பக்கெட், மக்கு, உக்கார ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்னு கேளு, கொண்டு வருவாங்க, ஆனா போன உடனே கேட்டுடு. கட்டிலும் உயரமா இருக்கும், ஏற படி வச்சிருப்பாங்க. ரூம் தரைத்தளத்துல, ரெஸ்டாரன்ட் பக்கத்துல வேணும்னு புக்கிங்லயே எழுதிடு, அந்த இடமெல்லாம் பெருசு, சாப்பிட போறதுக்கே ஒரு நடை நடக்கணும், பேட்டரி கார் எல்லா இடத்துலயும் கிடையாது.

சாப்பாட்டுக்கு பயப்படாத. ராஜஸ்தான்ல சைவம் தான் ஜாஸ்தி, பருப்போட சுட்ட கோதுமை உருண்டையும் இனிப்புப்பொடியும் வர்ற தால் பாட்டி சூர்மா, கேர் சாங்ரின்னு பாலைவனத்து காய், கடலைமாவு உருண்டை போட்ட கட்டே குழம்பு எல்லாம் நல்லாவே இருக்கும். அந்த பாட்டி உருண்டை மேல நெய்யை ஊத்து ஊத்துன்னு ஊத்துவாங்க, அப்பாவுக்கு சுகர் கொலஸ்ட்ரால் இருந்தா பார்த்துக்கோ. ஆனா மூணாவது வேளைக்கு நம்மாளுங்களுக்கு நாக்கு தயிர்சாதம் கேக்கும். பாஸ்மதியை குழைய வச்சு தயிர் ஊத்தி தாளிச்சு கொடுன்னு செஃப் கிட்ட சொன்னா செஞ்சு கொடுக்கிறாங்க, எங்களுக்கு செஞ்சாங்க, கடுகு பொரியாம கறுப்பா மிதந்துச்சு, பரவால்ல. பருப்புப்பொடியும் நார்த்தங்காயும் கொண்டு போயிடு.

அப்புறம் டிசம்பர் ஜனவரின்னா புக் பண்றதுக்கு முன்ன அந்த தேதில ஹோட்டல்ல கல்யாணம் ஏதாவது இருக்கான்னு கேளு. இப்ப வடக்க எல்லாருக்கும் அரண்மனைல தான் கல்யாணம். நாங்க போனப்ப முற்றத்துல சங்கீத்துன்னு கல்யாணத்துக்கு முன்ன ஆட்டம் பாட்டம், ராத்திரி பன்னெண்டு வரைக்கும் டிஜே, விடியக்காலமே சஃபாரி. புலி வந்தப்ப பாதி பேர் தூங்கிட்டு இருந்தாங்க.

காட்பாடி_கார்த்தி

சுமதி அக்கா, எருமை மேட்டரை அம்மா கிட்ட படிச்சு காட்டினேன், சிரிச்சு முடிச்சுட்டு மொதல்ல பக்கெட்டு உண்டான்னு கேட்டு சொல்லுடான்னாங்க. வெயிலூரான் அண்ணா சொன்ன மாதிரி மொதல்ல சாதா ஹோட்டல், கடைசில அரண்மனைன்னு முடிவு பண்ணியாச்சு. கபினிக்கு அடுத்த வருஷம் பார்க்கலாம் தாஸ் அண்ணா, கோச்சுக்காதீங்க.

இன்னும் ரெண்டு சந்தேகம். ரந்தம்பூர் கோட்டைக்குள்ள ஒரு பிள்ளையார் கோயில் இருக்காமே, அம்மா அதை பிடிச்சுக்கிட்டாங்க, அரண்மனைல இருக்கிற அன்னிக்கு அதை பார்த்துடலாமா? அப்புறம் எப்படி போறது, காட்பாடிலேந்து ரயில் சரி வருமா?

வெயிலூரான்

கோயில் திரிநேத்ர கணேஷ், மூணு கண்ணு பிள்ளையார். அந்தப் பக்கம் ஜனங்க கல்யாணம் வச்சா மொத பத்திரிகையை இந்த பிள்ளையாருக்கு தான் தபால்ல அனுப்புவாங்க, கட்டு கட்டா வந்து குவியும், பூசாரி சாமி முன்னாடி படிச்சு காட்டுவாரு. கோட்டையும் சாதாரணமில்ல, 1301ல அலாவுதீன் கில்ஜி ஹமீர தேவனை தோக்கடிச்சு பிடிச்சது, 2013ல ராஜஸ்தான் மலைக்கோட்டைங்களை யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்தாங்களே, அதுல இதுவும் ஒண்ணு. நம்ம வேலூர் கோட்டை மாதிரி அகழியை தாண்டி நேரா உள்ள போற சமதரை இல்ல தம்பி, மலை மேல, கல் படி, செங்குத்தா ஏறும். அம்மாவுக்கு கஷ்டம். டோலி மாதிரி ஏதாவது கிடைக்குதான்னு ஹோட்டல்ல விசாரிங்க, இல்லன்னா அம்மா கீழயே நின்னு கும்பிட்டுட்டு வரட்டும். புதன்கிழமை கூட்டம் அம்மும், அன்னிக்கு போகாதீங்க. இன்னொண்ணு, அந்த வழி புலி நடமாடுற காட்டுக்குள்ள தான் போகுது, 2025 ஏப்ரல்ல கோயிலுக்கு போயிட்டு திரும்பின ஒரு சின்ன பையனை புலி அடிச்சிடுச்சு, அதுக்கப்புறம் வழியை மூடுறதும் திறக்கறதுமா இருந்தாங்க. ஹோட்டல் வண்டிலயே போங்க, நடக்கறேன்னு இறங்காதீங்க, காலைல வெளிச்சம் நல்லா வந்தப்புறம் போயி மதியத்துக்குள்ள வந்துடுங்க.

ரயில்னா டெல்லி போற கேரளா எக்ஸ்பிரஸ் காட்பாடில நிக்குது, மதுரால இறங்கி கோட்டா பக்கம் போற வண்டி பிடிச்சா சவாய் மாதோபூர். ஆனா அது நான் தனியா போனா போற வழி, பெரியவங்களோட வேணாம். டிசம்பர்ல அந்தப் பக்கம் மூடுபனில ரயில் எப்ப வரும்னு ரயிலுக்கே தெரியாது. சென்னைலேந்தோ பெங்களூர்லேந்தோ ஜெய்ப்பூருக்கு ஃப்ளைட்டு, அங்க ஒரு ராத்திரி தங்கிட்டு காலைல ரயில்ல ரெண்டு மணி நேரம் தான்.

ஆம்பூர்_தாஸ்

கோச்சிக்கல கார்த்தி, போயிட்டு வா. நைனா கைல பைனாகுலர் ஒண்ணு வாங்கி குடு. புலி வந்துச்சின்னா கைடு இந்தில கத்துவான், உனக்கு ஒண்ணும் புரியாது, மானு பயந்து கத்துற பக்கம் பாரு, அவ்ளோதான்.

காட்பாடி_கார்த்தி

தேங்க்ஸ் தாஸ் அண்ணா. வனத்துறை சைட்ல மூணாவது ஸோனுக்கு ஜிப்சில மூணு சீட்டு கிடைச்சுது, ஆனா சாயங்கால சஃபாரி. காலை ஷிஃப்ட்டுக்கு நாலாவது ஸோன் தான் காட்டுது, போடலாமா?

ராணிப்பேட்டை_காட்டுப்பூனை

கண்ணை மூடிட்டு போடு, நாலுல மலிக் தாலாவ் பக்கம் நல்லா இருக்கும். மூணை யாருக்கும் விட்டுக் கொடுக்காத. சீட்டு போட்டதும் ஐடி நம்பர் சரியா அடிச்சிருக்கியான்னு ஒரு தடவை பாரு, கேட்ல அதுல தான் நிறைய பேர் மாட்டுறாங்க.